சொன்னேனா, இல்லையா

6.7.2006, வியாழன்

காற்று. லப்பைக்குடிக்காட்டில் பஸ் ஏறும்போதே கண்ணில் மண். பெரம்பலூர் வந்து கடை திறந்ததும் பெயிண்ட் டின் அத்தனையும் துடைக்க வேண்டியதாயிற்று. கடைசி டின்னுக்கு வருமுன் முதல் டின்னில் மறுபடி புழுதி.

இந்த நோட்டு மேடம் சொல்லி வாங்கியது. மேடம் என்றால் மனநல ஆலோசனை பார்க்கிறவர். வியாழக்கிழமை மட்டும் திருச்சியிலிருந்து வருகிறார். மெடிக்கல் ஷாப் மாடியில் ஒரு அறை. அதே மாடியில் பல் டாக்டரும் இருப்பது என் நல்ல காலம். கடை முதலாளி காதர் அண்ணனிடம் (பெரியத்தா மகன்) பல் வலி என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

"எழுதுங்க. யார்கிட்டயும் காட்ட வேணாம். எனக்கும் வேணாம். அழகா இருக்கணும்னும் இல்ல" என்றார் மேடம்.

என்ன எண்ணம் வந்தது, வந்தபோது என்ன செய்தேன். இவ்வளவுதான் எழுத வேண்டியது.

எண்ணம் ஒன்றுதான். நாலு வருஷமாக அதே ஒன்று. ஷார்ஜாவில் வேலையில் இருந்தபோது ஒரு நாள் மெஹரோடு போனில் சண்டை. லீவு தள்ளிப் போனதற்கு அழுதாள். நான் கத்தினேன். லைன் கட்டாகிவிட்டது. கட்டான பிறகும் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு கோபத்தில் எதையோ முணுமுணுத்தேன். எதை? பெண்டாட்டியை விலக்கிவைக்கும் அந்த அரபிச் சொல்லையா? சொன்னேனா, இல்லையா?

சொல்லை இங்கே எழுதக் கை வரவில்லை. எழுதினால் அதுவும் சொன்னதாக ஆகிவிடுமோ என்று பயம். இனி அ.சொ. என்று போடுகிறேன். அந்தச் சொல்.

7.7.2006, வெள்ளி

ஜும்மாவுக்குப் போய் வந்து கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். வியாபாரம் மந்தம். ஒரு கிலோ ஒயிட் சிமெண்ட், இரண்டு பிரஷ்.

ஊர் திரும்பி மூன்று வருஷம். வந்த முதல் வாரமே மெஹரைக் கேட்டேன். அன்றைக்கு போனில் நான் கடைசியாக என்ன சொன்னேன்? சொன்னாள். மறுநாளும் கேட்டேன். அப்புறம் தினமும். வாய்ப்பாடு ஒப்பிப்பது போல ஒப்பிப்பாள். "லீவு இல்லங்கறேன்ல, அழுவாத, போனை வைன்னீங்க. அப்புறம் லைன் போயிடுச்சு." ஒரு எழுத்து முன்னே பின்னே ஆனாலும் விடமாட்டேன். நேற்று வேறு மாதிரி சொன்னாயே, எது சரி? அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருக்கும். அவள் எனக்குப் பதில் சொல்லிக்கொண்டு நிற்பாள்.

அதுவும் போதாது. அ.சொ. சொல்லியிருந்தால் அவள் எனக்கு அந்நியப் பெண். தொடலாமா? ஒரே அறையில் படுக்கலாமா? கூடத்தில் பாய் போட்டுக்கொண்டேன். மூன்று வருஷம். குழந்தை இல்லையா என்று கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் அவள்தான் பதில் சொன்னாள். நான் ஒருநாளும் சொன்னதில்லை.

11.7.2006, செவ்வாய்

அம்மாவுக்கு மூட்டுத் தைலம். செருப்பு தைக்க. கரண்ட் பில் கடைசி நாள்.

கடிதம் பற்றி எழுத வேண்டும். தள்ளிக்கொண்டே வருகிறேன்.

எங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத் என்னைவிட இரண்டு வயது சின்னவர். டி.வி.எஸ். 50 வண்டியில் பறப்பார், பொறுமை கொஞ்சம் கம்மி. அவரிடம் எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். அத்தனை தடவையும் ஒரே பதில்: "நிக்காஹ் உறுதியா நடந்தது பாய். சந்தேகத்தால அது போவாது."

எனக்குப் போதவில்லை. போன டிசம்பரில், மார்க்கத் தீர்ப்பு சொல்லும் தூரத்து ஊர் மதரஸா ஒன்றுக்கு எழுதிக் கேட்டேன். அதில் ஒரு கெட்டிக்காரத்தனம். 'சொன்னேனா தெரியவில்லை' என்று எழுதினால் அவர்களும் லேசாகப் பதில் சொல்லிவிடுவார்களே என்று, எதற்கும் இருக்கட்டும் என்று, இருப்பதிலேயே மோசமானதை வைத்துக் கேட்டேன். 'ஒருவர் தெளிந்த மனதோடு மனைவியை நோக்கி அ.சொ.வை மூன்று தடவை சொல்லிவிட்டார். விளக்கம் தேவை.' இதற்கே 'ஒன்றும் ஆகவில்லை' என்று வந்துவிட்டால் பிறகு ஆயுசுக்கும் நிம்மதி அல்லவா. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

கேட்டதற்குத்தானே பதில் வரும். மணம் முறிந்தது, இனி சேர்ந்து வாழக் கூடாது. கையெழுத்து, முத்திரை.

பக்ரீத்துக்குச் சீர் கொண்டுவந்திருந்த மெஹரின் அண்ணன் ஜபருல்லா மச்சான் கையில் தபால்காரர் அதைக் கொடுத்துவிட்டார். மச்சான் இரண்டு தடவை படித்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாயங்காலப் பஸ்ஸில் மெஹரை அரியலூருக்குக் கூட்டிப் போய்விட்டார்.

ஹஜ்ரத் அரியலூர் வரை வண்டியிலேயே போய் விளக்கினார். கேள்வியே தப்பு, அந்தப் பதில் இவருக்கு உரியதில்லை, நிக்காஹ் இருக்கிறது. மச்சான் கேட்டாராம்: "நிக்காஹ் இருக்குன்னே வைங்க ஹஜ்ரத். ஆள் இருக்கணுமே?"

முடிவில் பேச்சு இப்படி: வருகிற நோன்புக்குள் நான் சரியானால் மெஹரை அனுப்புவார்கள். நோன்பு செப்டம்பர் கடைசியில்.

13.7.2006, வியாழன்

மேடம் இரண்டாம் தடவை. மின்விசிறி கிறீச்சென்கிறது. எண்ணெய் விடலாம் என்றேன், சிரித்தார்.

இன்று சொன்னது. பஸ் ஸ்டாண்டில் 'திருச்சி, திருச்சி, திருச்சி' என்று ஒருவர் கத்துகிறார். நாம் போக வேண்டியது அரியலூர். அவரிடம் போய், நான் ஏன் திருச்சி வரவில்லை என்று விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்போமா? அவர் வாயை மூடினால்தான் பஸ் ஏறுவேன் என்போமா?

"கத்தட்டும். நீங்க அரியலூர் பஸ்ல ஏறுங்க."

"அவன் பஸ்ஸுக்குள்ளயும் வந்து கத்துறானே மேடம்."

"வரட்டும். பக்கத்து சீட்ல உக்காந்து கத்திக்கிட்டே வரட்டும். பஸ் எங்க போவுது?"

அரியலூருக்குத்தான்.

இன்னொன்று. 'சொல்லிவிட்டேன்' என்று நினைக்காமல், "‘சொல்லிவிட்டேன்’ என்று ஒரு எண்ணம் எனக்கு வந்திருக்கிறது" என்று முழு வாக்கியமாக மனதுக்குள் சொல்ல வேண்டும். சுருக்கம்: எ.வ. அதோடு வாதாடக் கூடாது, துரத்தக் கூடாது, யாரிடமும் கேட்கக் கூடாது. இதில் கடைசிக்குத்தான் உயிர் போகிறது.

காதர் அண்ணன்: "எத்தனை பல்லுடா பிடுங்குறான்? வாயில மிச்சம் இருக்கா?"

14.7.2006, வெள்ளி

எ.வ. காலை பஸ்ஸில். எ.வ. தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளு செய்யும்போது. எ.வ. எனாமல் டின் திறக்கும்போது. அதன் பிறகு எழுதவில்லை, கை வலிக்கும்.

கேட்டது: யாரிடமும் இல்லை.

19.7.2006, புதன்

கேட்டுவிட்டேன்.

ஆடி பிறந்து இரண்டு நாள், ரோட்டில் நடக்க முடியாத காற்று. மத்தியானம் சோறு இறங்கவில்லை. அ.சொ. நாக்கு நுனியில் நிற்பது போலவே இருந்தது. எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் ஹஜ்ரத்துக்குப் போன் போட்டேன். ஒரே ஒரு தடவை, கடைசித் தடவை என்றேன்.

"பாய், இனிமே நான் பதில் சொல்ல மாட்டேன்."

"ஹஜ்ரத், நீங்களே இப்படிச் சொன்னா?"

"பதில் சொல்லிச் சொல்லித்தான் உங்களைக் கெடுத்துட்டேன். என் மேலயும் தப்பு இருக்கு. கோவிச்சுக்குங்க, பரவாயில்ல."

வைத்துவிட்டார். பூத்துக்காரன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஊர்ல யாருக்காச்சும் ஏதும் ஆயிடுச்சுங்களா?" என்றான். ஆமாம் என்றேன். அழுகை வந்தது. ரோட்டோரம் நின்று, தூசி விழுந்த மாதிரி கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

20.7.2006, வியாழன்

மேடமிடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"பயம் உடம்புல எங்க இருக்கு?"

வயிற்றில். தொப்புளுக்கு மேலே. ஒரு தேங்காய் அளவு.

"அதைத் தள்ளாதீங்க. மூச்சு விட்டுக் கொஞ்சம் இடம் குடுங்க."

"நாலு வருஷமா வாடகை இல்லாம குடியிருக்கு மேடம். இன்னும் எடமா?"

விழுந்து விழுந்து சிரித்தார். நானும். சிரித்து எத்தனை நாளாயிற்று.

பிறகு கேட்டார், பயம் இல்லாத ஆளாக இருந்தால் என்ன செய்வீர்கள்? யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. மெஹரோடு ஒரே சஹனில் சாப்பிடுவேன். சஹன் என்றால் கூடி உட்கார்ந்து சாப்பிடும் பெரிய தட்டு என்று மேடமுக்கு விளக்கினேன். கல்யாணமான புதிதில் அப்படித்தான் சாப்பிட்டோம். கறித் துண்டை என் பக்கம் தள்ளிவிடுவாள்.

"பயம் போனப்புறம்னு காத்திருக்காதீங்க. அதையும் கூட்டிக்கிட்டே அந்தப் பக்கம் ஒரு எட்டு வைங்க" என்றார். ஞாயிறு அரியலூர் போய்ப் பார்த்து வருவதாக முடிவு. மச்சானுக்குச் சொல்லி அனுப்ப வேண்டும்.

23.7.2006, ஞாயிறு

அரியலூர் போய் வந்தேன். வழியெல்லாம் சுண்ணாம்புக்கல் லாரி. சட்டை வெள்ளையாகிவிட்டது, முன்பே வெள்ளைச் சட்டைதான்.

மச்சான் 'வாங்க மாப்ள' என்றார், அதற்கு மேல் இல்லை. கூடத்தில் நாற்காலி. மெஹர் டீ கொண்டு வந்தாள். இளைத்திருக்கிறாள். பக்கத்து நர்சரி ஸ்கூலில் டீச்சராகப் போகிறாளாம், எனக்கு யாரும் சொல்லவில்லை. விரல் நுனியில் சாக்பீஸ் பொடி.

எதிரே நின்றாள். நான் வாயைத் திறக்குமுன்னே ஆரம்பித்துவிட்டாள். "லீவு இல்லங்கறேன்ல, அழுவாத, போனை வை..."

"மெஹர், நான் கேக்க வரல."

நிறுத்தினாள். நம்பவில்லை. இன்னும் கேட்பேன் என்று காத்திருக்கிற முகம்.

"அப்ப எதுக்கு வந்தீங்க?"

"உன்னைப் பாக்க."

கிளாஸை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

உள்ளே தேங்காய் அளவு இருந்தது பூசணி அளவாகிவிட்டது. இருந்தும் கேட்கவில்லை. திரும்பும் பஸ்ஸில் இதை நினைத்து ஒரு பக்கம் சந்தோஷம். இன்னொரு பக்கம், என்னைக் கண்டதும் அவள் வாயில் தானாக அந்தப் பாடம் வந்ததே, அதை நினைத்து நெஞ்சு வலி.

27.7.2006, வியாழன்

மேடம் ஒரு காகிதத்தில் அ.சொ.வைத் தமிழில் எழுதி மேஜையில் வைத்தார். எனக்கு வேர்த்துக் கொட்டியது. ஹஜ்ரத்திடம் முன்பே மேடம் போனில் பேசிவிட்டாராம். எழுதிப் பார்ப்பதும், கதையாகச் சொல்வதும் கணக்கில்லை என்று ஹஜ்ரத் சொன்னாராம். "இதையும் அவர் திருப்பி என்கிட்ட கேக்கக் கூடாது" என்று சேர்த்துக்கொண்டாராம்.

காகிதம் மேஜையில் கிடக்க அரை மணி நேரம் வேறு பேசினோம். பிரைமர் அடிக்காமல் பெயிண்ட் அடித்தால் என்ன ஆகும், திருச்சியில் மேடம் வீட்டுச் சுவரில் ஏன் உப்புப் பூக்கிறது. பேச்சு சுவாரசியத்தில் காகிதத்தின் மேலேயே கையை ஊன்றிவிட்டேன். ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகவில்லை என்று எண்ணிப் பார்ப்பதும் வேண்டாம் என்றார் மேடம்.

நானே எழுத இன்னும் தைரியம் இல்லை.

6.8.2006, ஞாயிறு

மறுபடி அரியலூர். பலகாரம் வாங்கிப் போனேன். மெஹர் ஸ்கூலில் ஒரு பிள்ளை டீச்சர் முந்தானையில் மூக்கைத் துடைத்த கதையைச் சொன்னாள். சொல்லும்போது சிரித்தாள். நானும் என் பல் வலிக் கதையைச் சொன்னேன்.

"அப்ப ஊரே உங்களுக்குப் பல்லு இல்லன்னு நினைக்குதா?"

முப்பது நிமிஷம் பேசினோம். எ.வ. நாலைந்து தடவை. கத்தட்டும் என்று விட்டேன்.

கிளம்பும்போது என் சட்டைத் தோளில் ஒட்டியிருந்த சுண்ணாம்புத் தூளை அவள் தட்டிவிடப் பார்த்து, கையைப் பாதியில் எடுத்துக்கொண்டாள். தொடாதே என்று மூன்று வருஷம் விலகிப் போனவன் நான். பழகிவிட்டாள்.

9.8.2006, புதன்

அம்மா: "மருமவ வராளா?"

"பாக்கலாம்."

"அறைக்கு ஒரு பெயிண்ட் அடிக்கப்படாதா? கடையில இருந்துகிட்டு வூட்டுச் சொவரப் பாரு, காரை விழுவுது."

நியாயம்தான்.

13.8.2006, ஞாயிறு

சுவரைச் சுரண்டி, பட்டி போட்டு, நானே இரண்டு கோட் அடித்தேன். இளம் பச்சை. ஷேடு கார்டில் மெஹர் முன்பு விரல் வைத்துக் காட்டிய பச்சை. இடுப்பு விட்டுப் போயிற்று. மூன்று வருஷத்தில் முதல் தடவையாக இன்று அந்த அறையிலேயே படுத்தேன். பெயிண்ட் வாடையில் தலைவலி. சந்தோஷமாக இருக்கிறது என்று எழுதவும் பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன்.

24.8.2006, வியாழன்

மேடம் கேட்டார், கடைசியாக யாரிடமாவது கேட்டு எத்தனை நாள்? முப்பத்தாறு. "நாளை எண்ண வேணாம், அதுவும் ஒரு கேள்விதான்" என்றார். சரி.

பயம் போய்விட்டதா? இல்லை. காலையில் எழுந்ததும் பக்கத்தில்தான் இருக்கிறது. அதோடு சேர்ந்து பல் தேய்க்கிறேன், பஸ் ஏறுகிறேன், டர்பண்டைன் அளக்கிறேன். வாழலாம் போலிருக்கிறது.

மேடமிடம் மெஹரைப் பற்றியே பேசினேன். "அவங்க என்ன நினைக்கறாங்கன்னு கேட்டீங்களா?" என்றார். இல்லை. சரியாகிவிட்டால் வருவாள் என்றுதானே பேச்சு.

3.9.2006, ஞாயிறு

காலையில் தூறல். அரியலூர் கிளம்பச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் டி.வி.எஸ். 50 சத்தம்.

ஹஜ்ரத் உட்காரவில்லை. அம்மா டீ போட உள்ளே போகும் வரை காத்திருந்தார்.

"பாய், இன்னைக்கு அங்க போவாதீங்க."

"ஏன் ஹஜ்ரத்?"

"அந்தப் புள்ள குலா கேக்குது."

குலா என்றால் மனைவி தானாகக் கேட்டுப் பிரிவது; அதற்கும் புருஷன் சம்மதித்து அ.சொ.வைச் சொல்ல வேண்டும். எனக்கு அர்த்தம் தெரியும். இருந்தும் அர்த்தம் என்னவென்று கேட்டேன். அவர் சொன்னார், பொறுமையாக, முழுதாக.

"ஜபருல்லா கிளப்பிவிட்டதா?"

"இல்ல. அண்ணன்காரன் வேணாங்கறான். மாப்ள தெளிஞ்சிட்டாரேன்னு அவனே சொல்றான். புள்ளதான் புடிவாதமா இருக்கு."

அம்மா டீயோடு வந்தாள். ஹஜ்ரத் குடித்தார். நான் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன்.

4.9.2006, திங்கள்

கடை. வெளிச்சுவருக்கு அப்பெக்ஸ் கேட்டவருக்கு உள்சுவர் டிஸ்டெம்பர் கொடுத்துவிட்டேன். திருப்பிக் கொண்டுவந்து கத்தினார். காதர் அண்ணன், "இப்ப எந்தப் பல்லு?" என்றார். நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன். பிறகு அவர் ஒன்றும் கேட்கவில்லை. மத்தியானம் தன் டிபன் கேரியரை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

சாப்பிடவில்லை.

7.9.2006, வியாழன்

மேடமிடம் கத்தினேன். நீங்கள் சொன்னதையெல்லாம் செய்தேனே, எதற்காகச் செய்தேன், இதற்கா? கத்தி முடித்த பிறகு, "ரொம்ப வருத்தமா இருக்கு ஷாஜஹான்" என்றார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

வயிற்றில் இருப்பது இப்போது பயம் இல்லை. துக்கம். இதற்கும் இடம் கொடுக்க வேண்டுமா என்றேன். "அது உங்க பொண்டாட்டி மேல உள்ள பிரியம். எங்க தள்ளுவீங்க?" என்றார்.

போய் மெஹரிடமே கேட்கச் சொன்னார். அந்தப் போன் பற்றி இல்லை. அவளுக்கு என்ன வேண்டும் என்று.

10.9.2006, ஞாயிறு

கேட்டேன். அவள் சொன்னதை முடிந்தவரை அப்படியே எழுதி வைக்கிறேன்.

மச்சான் வெளியே போய்விட்டார். மெஹர் நாற்காலி போட்டு எதிரே உட்கார்ந்தாள். நர்சரிப் பிள்ளைகளின் நோட்டுகள் மடியில்.

"நீங்க தெளிஞ்சிட்டீங்க. எனக்குத் தெரியுது. அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னேன், சத்தியமா."

"அப்புறம் ஏன் மெஹர்?"

"மூணு வருஷம் தினமும் என்னை நிக்க வச்சுக் கேட்டீங்க, நான் உன்னை விட்டுட்டனா, விடலையான்னு. விடலை, விடலைன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். ஒரு நாள் சோறு வடிச்சிக்கிட்டு இருக்கேன், நீங்க கேக்கறீங்க, அப்ப தோணுச்சு, விட்டாத்தான் என்னன்னு. அன்னைக்கே எனக்குள்ள முடிஞ்சு போச்சுங்க. உங்களுக்குத்தான் தெரியல."

"நோயி மெஹர் அது."

"நோயின்னு தெரியும். அதான் உங்க மேல கோவம் இல்ல. கோவம் இருந்தா வந்திருப்பேன், சண்டை போட. ஒண்ணுமே இல்லைங்க. எனக்கு முப்பது ஆவப்போவுது. என் வயித்துல ஒரு புள்ள வேணும். உங்களைப் பாத்தா என் வாய் தானா ஒப்பிக்குது. நீங்களும் பாத்தீங்கள்ல."

பார்த்தேன்.

கெஞ்சினேன். அதையும் எழுதத்தான் வேண்டும். அறைக்குப் பச்சை அடித்திருக்கிறேன் என்று சொன்னேன். அதைக் கேட்டதும்தான் அழுதாள். அழுதுகொண்டே தலையை இல்லை என்று ஆட்டினாள்.

13.9.2006, புதன்

அம்மா ஒரே பிடியாக: "நீ சொல்லாத. நீ சொல்லாம இருந்தா அவ எங்க போவா? நோம்பு வரட்டும், மனசு மாறும்." அம்மா சொல்வதைக் கேட்கத்தான் எனக்கும் ஆசை.

மத்தியானம் இன்னொரு யோசனை வந்தது, இதுவும் என் புத்திதான். அந்தப் பழைய போனில் அ.சொ. சொல்லியிருந்ததாகவே வைத்துக்கொண்டால் இப்போது நான் வாயைத் திறக்க வேண்டாம் அல்லவா? எல்லாம் அப்போதே முடிந்ததாகிவிடும். அந்த மதரஸா பதில் அம்மாவின் பீரோவில்தான் இருக்கிறது. அதை எடுத்து ஹஜ்ரத்திடம் நீட்டினால்?

எடுத்தே விட்டேன். கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நாலு வருஷம் எதற்குப் பயந்தேனோ அதற்குள்ளேயே போய் ஒளிந்துகொள்ளப் பார்க்கிறேன். மெஹர் நேராக உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். அவளுக்கு நேரான பதில் கொடுக்க வேண்டும்.

கிழித்து அடுப்பில் போட்டேன். அம்மா, "என்ன காயிதம்டா?" என்றாள். பழைய பில் என்றேன்.

14.9.2006, வியாழன்

மேடமிடம் அதிகம் பேசவில்லை. ஞாயிறு போகிறேன் என்றேன். "கூட வரட்டுமா?" என்றார். வேண்டாம், பயம் கூட வரும் என்றேன். இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

17.9.2006, ஞாயிறு

மேகம், மழை இல்லை. ஹஜ்ரத்தும் நானும் காலை பஸ்ஸில். காதர் அண்ணன் சாட்சிக்கு வந்தார். பல்லைப் பற்றி வாயே திறக்கவில்லை. எல்லாம் முன்பே தெரியும் போல.

மச்சான் வீட்டுக் கூடம். பாய் விரித்திருந்தது. மெஹர் உள் அறையில், திரைக்கு அந்தப் பக்கம். ஹஜ்ரத் அவளிடம் மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் "ஆமா, என் சம்மதத்தோட" என்றாள். குரல் நடுங்கவில்லை.

என்னிடம் கேட்டார். "யாரும் கட்டாயப்படுத்தலையே? தெளிஞ்ச மனசோட சொல்றீங்களா?"

"ஆமா."

"ஒரு தடவை போதும் பாய். மெதுவா சொல்லுங்க."

வயிறு முழுக்க அது. இருக்கட்டும் என்று விட்டேன். மச்சான் தலையைக் குனிந்துகொண்டார்.

"என் மனைவி மெஹருன்னிஸாவுக்குத் தலாக் சொல்கிறேன்."

சத்தமாகத்தான் சொன்னேன். உள்ளே அவள் ஏங்கி அழுத சத்தம் ஒரு தடவை கேட்டது. பிறகு இல்லை.

மச்சான் சாப்பிட்டுப் போகச் சொன்னார். முடியவில்லை.

பஸ்ஸில் ஜன்னல் சீட். பேரளி வருமுன்னே மனம் ஆரம்பித்துவிட்டது. சரியாகச் சொன்னாயா? பெயர் முழுதாக வந்ததா? தொண்டை கம்மியதே, ஒருவேளை ஆகவில்லையோ?

நாலு வருஷம் இந்தக் கேள்வியைக் கண்டு நடுங்கினேன். இன்று அது வந்ததும் இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளத் தோன்றியது. ஆகவில்லை என்றால் அவள் இன்னும் என் பெண்டாட்டி. ஹஜ்ரத் முன் சீட்டில்தான் உட்கார்ந்திருந்தார். குனிந்து ஒரு வார்த்தை கேட்டால் போதும். கம்பியைப் பிடித்துப் பாதி எழுந்துவிட்டேன்.

"என்ன பாய்?" என்று திரும்பினார்.

"ஒண்ணுமில்ல ஹஜ்ரத்" என்று சொல்லி உட்கார்ந்துகொண்டேன்.

சொன்னேன். தெளிவாகச் சொன்னேன். அவள் காதில் விழுந்தது.